கால் சுற்று அதிகம்

அர்பாபின் வெள்ளைக் கந்தூரா அங்கியில் ரத்தத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, 'நல்லவேளை, பவுடரை எடை போட்டது நானில்லை' என்பதுதான். இன்றைக்கு நினைத்தாலும் பகீரென்கிறது. ஒரு மனுஷன் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், எனக்குப் புத்தி போன இடத்தைப் பாருங்கள்!

ஷார்ஜாவைத் தாண்டிப் பாலைவன ஓரத்தில் இருக்கும் ஒரு துப்பாக்கிச் சுடும் கிளப்பில் எனக்கு வேலை. தோட்டா தயாரிக்கும் அறையில் நாங்கள் இரண்டே பேர். சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை டை என்கிற இரும்பு அச்சுக்குள் அழுத்தி மறுபடியும் அளவுக்குக் கொண்டுவருவது நான். அதில் வெடிமருந்துப் பவுடரை நிறுத்துப் போட்டுக் குண்டைச் செருகுவது பெஷாவர்க்காரர் ஒருவர். நான் 'பாய்' என்பேன், அவரும் என்னை 'பாய்' என்பார்; உருதுவில் சகோதரன். கிளப்பின் முதலாளியை இருவரும் அர்பாப் என்போம்.

சுடும்போது பித்தளைக் கூடு ஊதிப்போய், துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறை எப்படி இருக்கிறதோ அந்த வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். கூட்டின் கழுத்தடியில் இருக்கும் தோள்பகுதியை ஒரு காகிதத்தின் பாதிக் கனத்துக்குப் பின்னால் தள்ளினால் போதும், அதே துப்பாக்கிக்குள் வழுக்கிக்கொண்டு போகும். அதனால் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் டையைத் தனியாகப் பிடிக்க வேண்டும். ஒரு கூட்டை அழுத்து, துப்பாக்கியில் போட்டுப் பார், டையை மயிரிழை இறக்கு, மறுபடி போட்டுப் பார். கேட்பதற்கு இவ்வளவுதான்.

ஆனால் நான் யார்? கோயம்புத்தூரில் பதினைந்து வருஷம் பிரஸ் ஷாப்பில் டை செட்டர். அங்கே டிராயிங்கில் என்ன அளவோ அதுதான் வேதம். ஆயிரம் பீஸ் அடித்தாலும் ஆயிரமும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்க வேண்டும். துப்பாக்கியைக் கேட்டு டையைப் பிடிப்பதாவது! "இது எங்கப்பாவோட பழைய துப்பாக்கி. இதோட அறை கொஞ்சம் நீளம், பார்த்துச் செய்" என்று அர்பாப் தன் உடைந்த உருதுவில் சொன்னபோது தலையை ஆட்டினேன். அவர் போனதும் தோட்டாவின் டிராயிங்கை எடுத்து வைத்துக்கொண்டு, அளவு கச்சிதமாக வரும்வரை டையைத் திருகி இறக்கினேன். அந்தத் துப்பாக்கிக்கு அது கால் சுற்று அதிகம். கூடுகள் தங்கக் காசு மாதிரி ஒரே அளவில் வந்து விழுந்தன. எனக்கு ஒரே பெருமை.

அதே கூடுகளை நாலைந்து தடவை சுட்டு, நாலைந்து தடவை நான் அழுத்தினேன். அந்தச் சனிக்கிழமை காலை அர்பாப் சுடும்போது ஒன்று பிய்ந்துவிட்டது. புகை பின்பக்கமாகப் பீய்ச்சி அடித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் பிழைத்தது, கன்னம் கிழிந்தது.

அர்பாபை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கையோடு, கிளப்பின் மேனேஜர் எங்கள் அறைக்கு வந்தார். எகிப்துக்காரர், யாரையும் உட்கார வைத்துப் பேசுகிற வழக்கமே கிடையாது. "பவுடர் ஜாஸ்தி. கலாஸ், உன் வேலை முடிஞ்சது" என்று பாயின் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டார். பாய்க்கு உதடு வெளுத்துவிட்டது. "தீன் பார் தோலா ஹை, சாப்! மூணு தடவை நிறுத்தேன்!" என்று கெஞ்சிக்கொண்டே அவர் பின்னால் போனார். நான் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

கூட்டின் முன்பாதி துப்பாக்கிக்குள்ளேயே சிக்கியிருந்தது. எடுக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். எடுத்து விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். அடிப்பாகத்துக்குக் கொஞ்சம் மேலே, சுற்றிலும் கத்தியால் அறுத்தது போல ஒரு வெட்டு. பவுடர் அதிகமானால் இப்படி அறுபடாது. திரும்பத் திரும்ப அளவுக்கு மீறிப் பின்னால் தள்ளியதால், ஒவ்வொரு தடவை சுடும்போதும் பித்தளை இழுபட்டு இழுபட்டு மெலிந்திருக்கிறது. காகிதக் கிளிப் ஒன்றை வளைத்து மற்றக் கூடுகளுக்குள் விட்டுத் தடவினேன். முதல் கூட்டிலேயே முனை பள்ளத்தில் தட்டியது. அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும். ஐயோ, மேஜையில் இருந்த பதினொன்றிலும் அதே பள்ளம்! அப்போது மணி பதினொன்று.

நியாயமாக அந்த நிமிஷமே மேனேஜரிடம் ஓடியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனேன்.

மனைவியும் மகளும் ஊரிலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவர்கள் விசா என் வேலையில் தொங்குகிறது. சோற்றைப் பிசைந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவள் ரசக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்களை ஆராச்சும் கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்பறமென்னுங்க? நீங்களாப் போயி வாயக் குடுத்து மாட்டிக்காதீங்க. பாப்பாவுக்கு இப்பத்தான் ஸ்கூல்ல சீட்டுக் கெடச்சிருக்குது. கம்முனு இருங்க."

எனக்கு அதிர்ச்சி அவள் சொன்னதில் இல்லை. அவள் அப்படிச் சொல்ல மாட்டாளா என்று ஏங்கித்தான் அவளிடம் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். நல்லா இறங்கியது. சீ!

மூன்று மணிக்குப் பாய் போன் பண்ணினார். விசா ரத்துக் காகிதத்தில் கையெழுத்து வாங்க அவரை டைப்பிங் சென்டருக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். குரலே வேறு மாதிரி இருந்தது.

"பாய், நீ பக்கத்துலயே இருந்தியே. நான் நிறுத்ததைப் பார்த்தியா இல்லையா? இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. தராசை நான் சரியாப் பார்க்கலையோ? என் கண்ணு போயிடுச்சா? அர்பாப் கண்ணு போயிருந்தா அல்லாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

அட கடவுளே! அந்த மனுஷன் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். "கையெழுத்துப் போடாதீங்க பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மனைவி கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் கிளப்புக்கு ஓடி, பதினொரு கூடுகளையும் அறுந்த துண்டையும் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு அர்பாப் வீட்டுக்கு டாக்ஸி பிடித்தேன்.

அர்பாப் கன்னத்தில் கட்டோடு சோபாவில் இருந்தார். கூடுகளை அவர் முன்னால் கொட்டி எல்லாவற்றையும் சொன்னேன். நான் வளைத்திருந்த கிளிப்பை அவர் வாங்கி ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார். உடனே மேனேஜருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, பாயை இங்கே அழைத்து வரச் சொன்னார்.

"அறை நீளம்னு சொன்னேனே" என்றார்.

"சொன்னீங்க அர்பாப். தப்பு என்னுதுதான்."

"தப்பு எல்லாருக்கும் வரும். நாளைக்கு என் முன்னாடி டையைப் பிடி." அறுந்த துண்டைக் கையில் எடுத்தார். "இதை எப்பப் பார்த்தே?"

"பதினொரு மணிக்கு."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை ஆகியிருந்தது. துண்டை மற்றக் கூடுகளோடு வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பாய் உள்ளே வரும்போதே அழுதுகொண்டுதான் வந்தார். பவுடரில் தப்பில்லை, நானே வந்து உண்மையைச் சொன்னேன் என்று வழியிலேயே மேனேஜர் சொல்லியிருக்கிறார். நேராக வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எப்பத் தெரிஞ்சது பாய் உனக்கு?"

"இப்பத்தான் பாய்" என்றேன். "தெரிஞ்சதும் ஓடி வந்துட்டேன்."

அர்பாப் கட்டுப் போட்ட முகத்தைத் தூக்கி என்னையே பார்த்தார். பாய் என் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"பார்த்தீங்களா அர்பாப்? என் அம்மா வயித்துல பிறந்தவன்கூட எனக்காக இப்படி ஓடி வந்திருக்க மாட்டான்."