உட்கார்ந்தபடி ஒரு பதம்

விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள் தையல்நாயகி. கை வேர்க்கடலைப் பருப்பைப் பொறுக்க, வாய் தன்பாட்டில் ஜதி சொல்லிக்கொண்டிருந்தது. திண்டிவனத்தை ஒட்டிய அந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்தது தொண்ணூற்று மூன்றில். விழுப்புரத்தில் பரதம் படித்த பெண் என்று தெரிந்துதான் கட்டினார்கள். தாலி ஏறிய மறுவாரம் மாமனார் ராஜாங்கம் கூப்பிட்டுச் சொன்னார்:

“தாளம் தட்டு, ஜதி சொல்லு, பாடு. உக்காந்துகினு எது வேணா பண்ணிக்கம்மா. எழுந்து மட்டும் ஆடாத. நம்ம ஜனத்துல பழக்கம் இல்ல.”

ஒரேயடியாக மறுக்கவில்லையே என்று அப்போது அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அன்றிலிருந்து எந்த மேடையானாலும் அவளுக்கு ஓரம்தான். அவள் வாய் சொல்ல, யார் யார் வீட்டுப் பெண்களோ ஆடினார்கள். மாமனார் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தச் சொல் வீட்டிலேயே இருந்தது. கணவன் மணிமாறன் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

போன மாதம் பெருமுக்கல் கோயில் விழாவில், பதம் என்னும் அபிநயப் பாட்டுக்கு ஆட வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். நடனப்பள்ளி நடத்தும் பவானி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். தையல்நாயகி கைத்தாளத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, மேடை நடுவில் போய் உட்கார்ந்தாள். பதத்தை உட்கார்ந்தபடியே அபிநயிப்பது பழைய முறைதான். முகமும் கையும் போதும். வராத தலைவனுக்காக அவள் கண் வாசலுக்குப் போய்ப் போய்த் திரும்ப, கூட்டத்தில் சத்தம் அடங்கியது. மணிமாறனும் அந்தக் கூட்டத்தில் இருந்தான்.

இப்போது அவன் கொல்லையிலிருந்து வந்து உட்கார்ந்ததும் அவள் பேச்சை எடுத்தாள்.

“வர்ற மாசம் விழுப்புரத்துல நிகழ்ச்சியாம். பவானி அக்கா என்னை ஆடச் சொல்றாங்க. எழுந்து.”

“உக்காந்ததுக்கே டீக்கடையில கேட்டானுங்க. ‘இன்னா மணி, ஊட்டுக்காரி மேடையில குந்திக்கினு யாரக் கூப்புட்டுக்கினு இருந்தா’ன்னு.”

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“இன்னாத்த சொல்றது? சிரிச்சிட்டு வந்துட்டேன். அப்பா பேச்ச மீறலையேன்னு இருந்தேன்.”

“மீறலதான். எனக்கும் வயசு போய்க்கினே இருக்குது. இன்னும் கொஞ்ச வருசம் போனா நீங்க சரின்னாலும் என் முட்டி கேக்காது.”

“அப்பா இருந்தா...”

“மாமா இல்லைங்க. உங்களத்தான் கேக்கறேன். அன்னைக்கிப் பாத்தீங்களே, புடிச்சிருந்துதா உங்களுக்கு?”

மணிமாறன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு ஆணியில் தொங்கிய துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.