எனக்குத்தான் மூக்கு இருக்கே

என் அக்காவின் கணவரை எண்ணெய் வயலில் எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு ஒன்றும் பெரிதில்லை, சப்பைதான். ஆனால் அப்படியொரு மூக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இந்த வேலைக்கு வருவதற்கு முன் பால் வண்டி ஓட்டியவர். கேனைத் திறக்காமலே, இது மத்தியானத்துக்குள் திரிந்துவிடும் என்று சொல்வாராம்.

எண்ணெய்க் கிணற்றிலிருந்து எண்ணெய் மட்டும் வராது. அதைவிட அதிகமாக உப்புத் தண்ணீர் வரும். அது தொட்டிகளில் சேரும். அதை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்த் தூரத்தில் கொட்டிவிட்டு வருவதுதான் எங்கள் வேலை. வெளியே கேட்டால் எண்ணெய் கம்பெனியில் இருக்கிறோம் என்போம். பின்னே, நாற்றத் தண்ணீர் சுமக்கிறோம் என்றா சொல்ல முடியும்?

தொட்டி இரண்டு மாடி உயரம். இரும்புப் படியில் ஏறி, மேல் மூடியைத் திறந்து, நாடாவை விட்டு மட்டம் அளக்க வேண்டும். சில கிணறுகளில் அந்தத் தண்ணீரோடு விஷ வாயுவும் வரும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் நாற்றமே இருக்காது, ஏனென்றால் முதலில் மூக்கைத்தான் மரத்துப்போக வைக்கும். அதற்காகவே நெஞ்சில் தீப்பெட்டி அளவில் ஒரு மிஷின் மாட்டிக்கொள்வோம். வாயு வந்தால் அது அலறும். அலறினால் காற்று வரும் திசையைப் பார்த்து ஓட வேண்டும்.

வேலை கொழித்த நாட்களில் யார் ஓடினார்கள்? மிஷின் அலறினால் ஆபீசுக்குச் சொல்ல வேண்டும், ஆள் வந்து பார்க்க வேண்டும், அதற்குள் நம் முறை போய்விடும். தண்ணீர் கொட்டும் இடத்தில் லாரிகள் இரண்டு மைலுக்கு நிற்கும். தகரக் கொட்டகையில் ஒரு கட்டிலுக்கு இரண்டு ஆள். ஒருவன் எழுந்து போனதும் அடுத்தவன் அந்தச் சூட்டிலேயே படுப்பான். அந்த அவசரத்தில் எல்லோரும் மிஷினைக் கழற்றி லாரிக் கண்ணாடியில் மாட்டிவிட்டுத்தான் ஏறினோம். மூக்கர் எங்களைவிடத் தைரியமாக ஏறினார்.

ஒரு நாள் அவர் மூடியைத் திறந்தபோது முட்டை நாற்றம் குப்பென்று வந்திருக்கிறது. இரண்டு மூச்சில் நின்றுவிட்டது. காற்று திரும்பிவிட்டது என்று நினைத்திருக்கிறார் மனிதர். ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவர் இதைக்கூட யோசிக்கவில்லை. தொட்டி மேலிருந்த கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடியே மயங்கி விழுந்து, தானாகவே விழித்து, லாரியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்றோடு மூக்கு போனது. திரும்பி வரவேயில்லை.

யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் புகையும்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாராம். அப்போதுதான் அக்காவுக்கே தெரிந்தது.

பிறகு எண்ணெய் விலை விழுந்தது. எழுபது லாரி ஓடிய இடத்தில் ஒன்பது ஓடியது. மீதியெல்லாம் யார்டில் வரிசையாக நின்று, சக்கரத்துக்குள் புல் முளைத்தது. கொட்டகையில் கட்டிலுக்கு ஆளில்லை. வேலை கொழித்தபோது அக்கா வீட்டில் வாங்கிய சோபா, வாசலில் நுழையாமல் கதவைக் கழற்றி உள்ளே போட்டது, இப்போது அதில் பகலெல்லாம் யாராவது ஒரு பழைய டிரைவர் உட்கார்ந்து எங்கேயாவது வேலை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு லாரிக்கு இரண்டு ஆள் என்று வைத்தார்கள். மிஷின் மட்டும் ஒன்றுதான். பழசானதற்குப் புதிது வாங்கித்தரவில்லை. யார்டு மேனேஜர் சிரித்தபடியே சொன்னார்:

“மூக்கர் இருக்கும்போது உங்களுக்கு எதுக்குய்யா ரெண்டு மிஷின்? அவரை வெச்சிருக்கிறதே அதுக்குத்தானே!”

மூக்கரும் சிரித்தார். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது, நானும் சிரித்தேன். அவரோடு என்னைச் சேர்த்துவிட்டார்கள்.

அந்த வாரமே அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“டேய், மாமாவுக்கு மூக்கு செத்துப்போய் ஆறு வருஷம் ஆச்சுடா. ஒண்ணும் தெரியாது அவருக்கு.”

“என்னக்கா சொல்றே? நேத்துகூட இந்தத் தண்ணி எந்தக் கிணறுன்னு சொன்னாரே!”

“உன் மூஞ்சியைப் பாத்துத்தான் சொல்றார். நீ சுளிச்சா அவரும் சுளிப்பார். ஆபீசுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. சத்தியம் பண்ணு, யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அவர்கிட்டயும் கேக்காதே, உடைஞ்சு போயிடுவார். நீ கூடவே இருக்கே, பாத்துக்க.”

அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

மறுநாள் சோதித்துப் பார்த்தேன். ஆமாம், எனக்கு அப்படியொரு புத்தி. வாளியில் நல்ல குழாய்த் தண்ணீரை எடுத்துவந்து முகர்ந்து, மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். குனிந்தார். முகத்தைச் சுளித்தார்.

“ஏ அப்பா! பழைய கிணறுடா இது” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

ஒவ்வொரு தொட்டியிலும் அவர்தான் ஏறுவார். நான் கீழே குழாயை மாட்டுவேன். ஏறுவதற்கு முன் மிஷினை என்னிடம் நீட்டுவார்.

“நீ போட்டுக்க மாப்பிள. கனமான வாயு, கீழேதான் இறங்கும். எனக்குத்தான் மூக்கு இருக்கே.”

வாயு கீழே இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் மூடியைத் திறக்கிறவனுக்குத்தான் முதல் மூச்சு என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்தே நான் வாங்கி மாட்டிக்கொண்டேன். எட்டு மாதம். ஒரு நாளைக்கு நான்கு தொட்டி, ஐந்து தொட்டி. வேண்டாம் மாமா, நீங்களே போட்டுக்கங்க என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சத்தியம் அதைத் தடுக்கவில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

அந்தக் காலையில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மாசக் கடைசியோடு இன்னும் ஒரு லாரியை நிறுத்துகிறார்களாம்.

“உன்னை வெச்சுக்க முடியாதுப்பா. மூக்கரை வேற வண்டிக்கு மாத்திடறோம். அவர் மாதிரி ஆளை விட முடியுமா, நீயே சொல்லு.”

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வழியெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. செத்த மூக்குக்கு வேலை இருக்கிறது, உயிரோடு இருக்கிற மூக்குக்கு இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இடம் மாறிவிடும். சொல்லவும் முடியவில்லை. மூக்கர் என் பக்கத்தில் உட்கார்ந்து, சோபாவின் ஒரு கால் ஆடுகிறது, சாயங்காலம் வந்து ஆணி அடித்துக் கொடு என்று பேசிக்கொண்டே வந்தார். நான் ம் கொட்டினேன்.

போன இடம் இரண்டு மாதமாக மூடிக்கிடந்த கிணறு. தொட்டியில் தண்ணீர் அத்தனை நாளாகக் கிடந்திருந்தது. அவர் இறங்கிப் படிக்குக் கீழே நின்று மேலே பார்த்தார். வழக்கம்போல மிஷின் அதற்குள் என் நெஞ்சில் இருந்தது.

“மாப்பிள, இன்னைக்கு அதை என்கிட்ட குடேன்” என்றார்.

எட்டு மாதத்தில் முதல் தடவை கேட்கிறார். கை நீட்டவில்லை, சும்மா பேச்சுக்குக் கேட்பது மாதிரி கேட்டார். நான் கழற்றிக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு கிளிப், ஒரு விரலில் கழன்றுவிடும்.

“உங்களுக்கு எதுக்கு மாமா? உங்களுக்குத்தான் மூக்கு இருக்கே” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கு அப்போது தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். பிறகு சிரித்தார். எல்லோரிடமும் சிரிக்கிற அதே சிரிப்பு.

“அதானே” என்று சொல்லிவிட்டு ஏறினார்.

மூடி திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் என் நெஞ்சில் மிஷின் அலறியது. “மாமா!” என்று கத்தினேன். பதில் இல்லை. முகமூடி இல்லாமல் யாரும் மேலே ஏறக் கூடாது என்று பலகையில் எழுதியிருக்கிறது. மிஷின் அலறினால் காற்று வரும் திசையைப் பார்த்து ஓட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. நான் ஓடினேன். நூறு அடி தள்ளி நின்று திரும்பிப் பார்த்தபோது கம்பிக்கு வெளியே அவர் கை ஒன்று தொங்கியது. ஆபீசுக்குப் போன் செய்தேன். முகமூடி ஆட்கள் வர நாற்பது நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. இன்று வரைக்கும் வரவில்லை.

விசாரித்து எழுதிக்கொண்டு போனார்கள். மிஷின் சரியாக வேலை செய்தது, கீழே நின்றவர் விதிப்படி நடந்துகொண்டார், மேலே ஏறியவர் தன் அனுபவத்தை அதிகமாக நம்பிவிட்டார் என்று எழுதினார்கள். மாசக் கடைசியில் என்னை நிறுத்தவில்லை. ஒரு இடம் காலியாகிவிட்டதே.

இப்போது விலை மறுபடி ஏறிவிட்டது. யார்டில் புல்லைப் பிடுங்கி லாரிகளை வெளியே எடுக்கிறார்கள். ஆளுக்கொரு புது மிஷின் தந்திருக்கிறார்கள். காலையில் மாட்டுகிறேன், சாயங்காலம் கழற்றுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் அந்தச் சோபாவின் காலுக்கு ஆணி அடித்துக் கொடுத்தேன். அவள் டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“நீ பக்கத்துல இருந்தே, அது ஒண்ணுதான்டா எனக்கு ஆறுதல்” என்றாள். “மிஷினை நீங்க போட்டுக்கங்கன்னு எவ்வளவோ சொல்லியிருப்பே. அவர் கேட்டிருக்க மாட்டார். பிடிவாதக்காரர்.”

நான் டம்ளரைக் கையில் எடுத்தேன்.

“ஆமாக்கா” என்றேன். “கேக்கவேயில்லை.”