இருபத்துநான்கு ரசீதுகள்

"முடிஞ்சுது பாப்பா. இருபத்துநாலு மாசம், ஒரு நாள்கூட தள்ளிப்போகல. கடன் தீந்துதுன்னு சான்று கேட்டு பேங்குக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடு. உன் இங்கிலீஷுக்கு இன்னைக்குத்தான் ஒரு வேலை வந்திருக்கு."

கிளிப் போட்ட ரசீதுகளை என் மேசையில் வைத்தபடி அண்ணன் சொன்னான். பெரியப்பா மகன், லிஃப்ட் மெக்கானிக். அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது.

"பில்லைக் காட்டுண்ணா. கிரெடிட் கார்டு நம்பர் எழுதணும்."

"இந்தா. முதல் மாசம் நாலாயிரத்துச் சொச்சம் கேட்டான். கடைசி மாசம் ரெண்டாயிரத்து எண்ணூறு. மாசாமாசம் குறைச்சுக்கிட்டே வந்தான். முடியப்போகுதுன்னுதானே அர்த்தம்?"

பில்லை இரண்டு முறை படித்தேன். பிறகு அவனுக்கு வரி வரியாக, மெதுவாகப் படித்துக் காட்டினேன்.

"இது மொத்தப் பணம் இல்லண்ணா. குறைஞ்சது இவ்வளவாவது கட்டுன்னு போட்டிருக்கான். நீ கட்டினதையெல்லாம் கழிச்சும் அம்பத்துமூவாயிரம் பாக்கி இருக்கு."

அவன் சிரித்தான். "வேற எவன் பில்லையோ மாத்தி அனுப்பிட்டான். நான் வாங்கினதே எண்பதாயிரம். எண்பத்திரண்டாயிரம் கட்டியாச்சு."

"பேரு உன்னோடதுதான். மாசத்துக்கு நூத்துக்கு மூன்றரை வட்டி. முதல் மாசம் நீ கட்டினதுல ரெண்டாயிரத்து எண்ணூறு வட்டிக்கே போயிருக்கு. பாக்கி கொஞ்சம் குறைஞ்சா அவன் கேக்குறதும் குறையும். அதை மட்டும் கட்டினா வருஷக்கணக்கா இழுக்கும்."

சிரிப்பு நின்றது.

"கூட்டுவட்டியில நான் முழு மார்க் தெரியுமா?" என்றான்.

தெரியும். அதே பள்ளியில் அதே சூத்திரத்தை நான் எட்டாம் வகுப்பில் தமிழிலும் பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்திலும் மனப்பாடம் செய்தேன். எந்த மொழியிலும் யாரும் ஒரு பில்லைக் கையில் கொடுத்து இதைப் படி என்று சொன்னதில்லை. அவன் கடிதம் கேட்டு வராமல் இருந்திருந்தால் எனக்கும் இது தெரிந்திருக்காது.

அண்ணன் கவனமில்லாதவன் அல்ல. லிஃப்ட் கூண்டின் மேல் ஏறும் முன் பிரேக்கை மூன்று முறை சோதிப்பான். இரும்புக் கயிற்றில் ஓர் இழை அறுந்திருந்தாலும் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவான். அந்தக் கார்டு, அவன் பராமரிக்கும் ஒரு வணிக வளாகத்தின் வாசலில் கிடைத்தது. மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு நீல நிறத் தோள்பை ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். பெரியப்பாவின் கண் அறுவை சிகிச்சையும் வீட்டுக்கு வந்த வாஷிங் மெஷினும் அந்தக் கார்டில்தான். முன்பு பைக் வாங்கியபோது இருபத்துநாலு தவணை. கடன் என்றாலே இருபத்துநாலில் முடியும் என்று அவனாகவே வைத்துக்கொண்டான்.

தவணை கட்டுவதற்காக ஞாயிற்றுக்கிழமைகளை விற்றான். யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் ஓட வேண்டிய அவசர வேலைக்குத் தனிப்படி உண்டு. கல்யாண வீடுகளில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போயிருக்கிறான். இரண்டு வருடம் அவன் முழுதாகத் தூங்கிய ஞாயிறு ஒன்றுகூட இல்லை. அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறு வேலை வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் முந்தின நாள்தான் சொல்லியிருந்தான்.

என் மேசையருகே நின்றபடியே போன் செய்தான்.

"சார், நேத்து சொன்னதை விடுங்க. ஞாயித்துக்கிழமைக்கு என் பேரையே போடுங்க." அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். "சும்மாதான் சார். வீட்ல போரடிக்குது."

கார்டை அன்றே வெட்டிப் போட்டான். மாதம் ஆறாயிரமாகக் கட்டினால் பதினோரு மாதத்தில் தீரும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அந்தத் தாளை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிக்கொண்டு மாதம் ஒன்றாக அடித்துவந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனது. மதியம் எங்கள் வீட்டுக்கு வந்தால் நாற்காலியிலேயே தூங்கிவிடுவான். அம்மா எழுப்பினால், "எந்த மாடி?" என்று கேட்டபடி எழுவான்.

ஆறாவது மாதம் அவன் மறுபடி வந்தபோது கையில் அதே பழைய பில். பெயர் இருந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டியிருந்தான்.

"எங்க ஷெட்டுல புதுசா நாலு பசங்க சேந்திருக்கானுங்க," என்றான். "முதல் சம்பளம் போன வாரம்தான் வாங்கினானுங்க. இன்னைக்குக் காலையில நாலு பேர் தோள்லயும் நீலப் பை."

"நீயே சொல்லலாமேண்ணா."

"சொன்னேன். ஞாயித்துக்கிழமையெல்லாம் வேலை செஞ்சு சம்பாதிக்கிறவன் நம்மளை மட்டும் செலவு பண்ணாதேங்கறான்னு கிண்டல் பண்றானுங்க."

நான் நாலு பேர் எதிரே வாய் திறக்கிறவள் அல்ல. அது அவனுக்கும் தெரியும். பில்லை என் பக்கம் தள்ளினான்.

"நாளைக்கு மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு ஷெட்டுக்கு வா. புத்தியெல்லாம் சொல்ல வேணாம். எனக்குப் படிச்ச மாதிரியே இதை வரி வரியா, மெதுவா படி. யாரோட பில்லுன்னு மட்டும் சொல்லாத. நடுவுல சிரிப்பானுங்க. நிறுத்திடாத பாப்பா. நானும் சிரிச்சேன்ல."