பூண்டுக்குப் பாஸ் உண்டு, வயிற்றுக்கு இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் சந்தைக்கு மலைப்பூண்டு வாங்கப் போனேன். கூடவே கொஞ்சம் திட்டும் வாங்கி வந்தேன்.

கூக்காலில் இருந்து வந்த பூண்டு விவசாயி ஒருவர், பக்கத்துக் கடை கேரட்காரரிடம் ஏதோ ஒரு டாக்டரைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"கொரோனா நேரம். தொப்புள்கிட்ட பந்து கணக்கா துருத்திக்கிட்டு கெடக்கு. போன் போட்டா, 'ஹெர்னியா அவசரமில்ல, பொறுங்க'ன்னாரு. மூணு மாசமா இதே பாட்டு. பூண்டு லாரிக்கு அவசரம்னு பாஸ் குடுத்தாங்க... பூண்டு தூக்குற வயிறு அவசரமில்லையாம்."

"பெறகு?"

"குடல் சிக்கிருச்சு. அதே லாரியில மூட்டை மேல படுத்து வந்தேன். அன்னைக்கு மட்டும் வெரசா அறுத்துட்டாரு."

சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். ஆளைத் தெரியவில்லை, தழும்பைத் தெரிந்தது. லேசாக இடது பக்கம் கோணிய தழும்பு — கவச உடைக்குள் வியர்த்து, கண்ணாடியில் ஆவி படிய, நான் போட்ட தையல். குழந்தைவேலு! ஐந்து நாள் வைத்தியம் பார்த்தும் மாஸ்க் புண்ணியத்தில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை.

நான் படித்தது அறுக்க. அந்த வருஷம் பெரும்பாலும் செய்தது 'அப்புறம் பார்க்கலாம்' என்று சொன்னதுதான். கட்டில் இல்லை, ஆக்சிஜன் போதவில்லை... காரணமெல்லாம் சரிதான். ஆனால் அந்த லாரி இரண்டு மணி நேரம் தாமதித்திருந்தால்? அந்தக் கேள்வி இன்றும் என்னை விடவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பல நாள் நினைத்ததுண்டு.

"ஐயா, அந்த டாக்டர் நான்தான். உங்களைக் காக்க வச்சதுக்கு மன்னிச்சிருங்க."

ஏற இறங்கப் பார்த்தார். "வெளையாடாதீங்க சார். அவரு நல்ல ஒசரம்."

ஆபரேஷன் மேஜையில் படுத்துக்கொண்டு பார்த்தால் எந்த டாக்டர்தான் குட்டை? பையில் கிடந்த மாஸ்க்கை மாட்டியும் காட்டினேன்.

"இதை மாட்டுனா இந்தக் கேரட்காரரும் டாக்டர்தான்" என்றார்.

மன்னிப்புதான் கிடைக்கவில்லை, வியாபாரமாவது செய்வோம் என்று பத்து கிலோ பூண்டு சொன்னேன். வீட்டில் என்ன சொல்லப் போகிறார்களோ! "கொஞ்சம் கார்ல வச்சிருங்களேன்" என்றேன். அவர் அசையவில்லை.

"வெயிட் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க."

"அது மூணு மாசத்துக்குத்தானே? இத்தனை வருஷம் ஆச்சே."

"தூக்கலாம்னு அவரு இன்னும் சொல்லலையே. சொல்ற வரைக்கும் பொறுக்கணும்ல?"

பத்து கிலோவையும் நானே தூக்கிக்கொண்டு நடந்தேன் — பொறுக்கச் சொன்னவன் நான்தானே!