உள்ளே வைக்கும் பட்டை

சித்தி இருபத்திரண்டு வருஷமாக ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில் வேலை பார்க்கிறார். ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, துணியில் மூட்டையாகக் கட்டி, நீராவி மிஷினில் வைத்துக் கிருமி நீக்கும் அறை. மூட்டையின் மேல் ஒட்டும் டேப்பில் வெளிறிய கோடுகள் இருக்கும். சூடு பட்டதும் கறுத்துவிடும். ஆனால் அது வெளியே பட்ட சூடு. ஆவி உள்ளேயும் போனதா என்று காட்ட, மூட்டைக்குள் ஆவி பட்டால் கறுக்கும் ஒரு காகிதப் பட்டையும் வைக்க வேண்டும்.

அந்த அறையில் சேர்ந்தவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்தவர் சித்திதான். ‘கடிகாரம்’ என்ற பெண்ணுக்கும் அவர்தான். நிமிஷத்துக்கொரு தரம் மணி பார்ப்பதால் அந்தப் பெண்ணுக்கு அப்படிப் பெயர். போன வருஷம் மேற்பார்வையாளர் பதவி அவளுக்குப் போனது. சித்தி பத்தாவது தாண்டவில்லை, அவள் டிப்ளமோ. சித்தி அவள் கையைப் பிடித்து வாழ்த்தினார். சபையில் எழுந்து நின்று அவளுக்காக ஜெபித்தார்.

போன ஞாயிறு சாப்பிடும்போது அம்மா இதையே மறுபடி எடுத்தாள். "உனக்கு ரொம்பப் பெரிய மனசுடி."

சித்தி தட்டிலிருந்து கையை எடுத்தார். "போதும்க்கா. அந்த மனசைப் பத்தி எனக்குத்தான் தெரியும்."

பிறகு சொன்னார்.

ஒரு காலை கடிகாரம் அவசர அவசரமாகப் பத்து மூட்டை கட்டினாள். மிஷின் கதவு மூடும்போது மேஜையில் ஒரு பட்டை மிஞ்சிக் கிடந்ததைச் சித்தி பார்த்தார். ஏதோ ஒரு மூட்டைக்குள் பட்டை இல்லை. நோயாளிக்கு ஆபத்தில்லை, தியேட்டரில் பிரிக்கும் நர்ஸ் பட்டையைக் காணாமல் திருப்பி அனுப்பிவிடுவார். திட்டு விழுவது கடிகாரத்துக்குத்தான். சித்தி மேஜையைத் துடைப்பதுபோல் அந்தப் பட்டையை எடுத்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"துணி மடிச்சிட்டிருந்தேன். வாய் தானா பாட்டு முணுமுணுக்குது, ஆராதனைப் பாட்டு. என்ன இவ்வளவு சந்தோஷம்னு யோசிச்சேன். யோசிச்சதும் புரிஞ்சுபோச்சு, துணியை அப்படியே போட்டுட்டேன்."

மூட்டைகளை ஏற்றிய தள்ளுவண்டி லிஃப்ட் வாசலில் நின்றது. சித்தி ஓடிப்போய் அதைப் பிடித்தார்.

"ஒரு பட்டை வைக்கலம்மா."

கடிகாரம் மணியைப் பார்த்தாள். "ஐயோ! நல்லவேளை பார்த்தீங்கக்கா. இப்பத்தான் பார்த்தீங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினால் முடிந்தது. நன்றியும் கிடைத்திருக்கும்.

"இல்ல. மிஷினை மூடும்போதே பார்த்தேன். நீ மாட்டிக்கணும்னு எடுத்து ஒளிச்சு வெச்சேன்." சித்தி பையிலிருந்து பட்டையை எடுத்து நீட்டினார்.

கடிகாரம் வாழ்க்கையில் முதல்முறையாக மணி பார்க்காமல் நின்றாளாம்.

எதில் பட்டை இல்லை என்று தெரியாததால் பத்தையும் பிரித்துக் கட்ட வேண்டியதாயிற்று. ஆபரேஷன் தள்ளிப்போனது. தலைமை நர்ஸிடம் சித்தியும் போய் நின்று, தான் செய்ததைச் சொன்னார். ஒரு மாதம் அவரைக் கழுவும் தொட்டிப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

"அப்புறம் அந்தப் பொண்ணு?" என்றாள் அம்மா.

"வேலையைத் தவிர ஒரு பேச்சில்ல. ‘அக்கா’வும் போச்சு. தொட்டிப் பக்கம் எனக்குக் கடைசி நாள், சாயங்காலம் வந்து அந்தப் பட்டையைக் கையில வெச்சா. ‘நீங்களே வெச்சுக்கோங்க. உங்க உள்ளே வைக்கத் தேவைப்படும்’னா."

"திமிரைப் பாரு!"

"திமிர் இல்லக்கா. சரியாத்தான் சொன்னா."

சித்தி பர்ஸைத் திறந்து காட்டினார். அடையாள அட்டைக்குப் பின்னால் இருந்தது பட்டை. இன்னும் வெளிறித்தான் இருந்தது. தினமும் காலையில் கோட்டை மாட்டுமுன் அதை ஒரு தரம் பார்த்துவிட்டு ஜெபிக்கிறாராம். சபையில் எழுந்து நின்று அல்ல. உடை மாற்றும் அறையில், வாய் திறக்காமல்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். நானும் என் தோழியும் போன நேர்காணலில் வேலை அவளுக்குக் கிடைத்தது. ‘ரொம்ப சந்தோஷம்டி’ என்று அன்று காலைதான் அவளுக்கு அனுப்பியிருந்தேன், மூன்று இதயப் படங்களோடு. சித்தி பர்ஸை மூடினார். என்னால் அதற்குமேல் சாப்பிட முடியவில்லை.