கேபிள் கட் ஆகாத நாள்

எதிர் மேஜைக்காரனை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. உதவி என்று யாரும் கேட்காமலே வந்து நிற்பான். ஆபீஸில் எவருடைய கம்ப்யூட்டர் திணறினாலும் மோப்பம் பிடித்து வந்து, நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு, கருப்புத் திரை ஒன்றைத் திறப்பான். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், ரீசெட். தலைவலிக்கும் அதுதான், வயிற்றுவலிக்கும் அதுதான். எவனோ போட்ட வீடியோவைப் பார்த்து மனப்பாடம் செய்த வரிகளை வரிசையாகத் தட்டுவான். வரிக்கு வரி எண்டரை ஓங்கி அமுக்குவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தீவின் ஃபீனிக்ஸ் பே படகுத்துறைக்குப் பின்னால் எங்கள் ஆபீஸ். அவன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், தமிழோடு இந்தியைக் கலந்துதான் பேசுவான். நான் தூத்துக்குடிக்காரன், வேலைக்காகக் கடல் தாண்டி வந்து மாட்டிக்கொண்டவன். மனைவியும் மகளும் ஊரில். நான் இங்கே மின்னி பே பகுதியில் ஒற்றை அறையில். ஒவ்வொரு வருடமும் மாறுதல் கேட்பேன், கிடைக்காது. அந்த வருடம்தான் தூத்துக்குடியிலேயே ஓர் இடம் காலி விழுந்தது. ஆபீஸ் லைனில் மட்டும் திறக்கும் ஒரு வெப் பக்கத்தில் விருப்பத்தைப் பதிய வேண்டும். ஒரே நாள், மாலை ஐந்து மணி வரை. மனைவி காலையிலேயே போன் செய்து ஞாபகப்படுத்தியிருந்தாள்.

இந்தத் தீவில் நெட் போனால் யாரும் பதறுவதில்லை. "கேபிள் கட்" என்பார்கள், அவ்வளவுதான். கடலுக்கடியில் வாயில்லாமல் கிடக்கும் கேபிளின் மேல் பழியைப் போட்டுவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். கோளாறு தன் மிஷினிலா, பக்கத்து அறையில் ஓடுகிறதா என்று ஒரு ஜென்மமும் எட்டிப் பார்க்காது. பாதி நாள் அது உண்மையாகவும் இருந்து தொலைக்கும். பேச முடியாமல் போன இரவுகளுக்கெல்லாம் நானே மனைவியிடம் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பதிவு நாளில் எல்லா அலுவலகங்களும் அந்த ஒரே பக்கத்தில் மொய்த்ததால் அது ஆமை வேகத்தில் நகர்ந்தது. நான் ஒரு முறை உச்சுக் கொட்டியிருப்பேன். அது போதும் அவனுக்கு.

"டென்ஷன் மத் லோ அண்ணா. ஒரு ரீசெட் போட்டா எல்லாம் டீக் ஆயிரும்."

"மெதுவாத்தான் போகுது தம்பி, ஆனா போகுது. தொடாத."

அந்த நேரம் பார்த்து அதிகாரி உள்ளே கூப்பிட்டார். நான் திரும்பி வரும்போது என் நாற்காலியில் அவன் இருந்தான். மிஷின் அணைந்து மறுபடி எழுந்துகொண்டிருந்தது. எழுந்தது. நெட் இல்லை.

அவன் தலையைச் சொறிந்தான். "கேபிள் கட், அண்ணா. பூரா ஐலேண்ட்லயும் போயிருக்கும். சலோ, சாய் குடிக்கலாம்."

அவன் சொன்னதுதான் தாமதம், அறையே எழுந்துவிட்டது. ஒருவர்கூடத் தன் திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியே தெரிந்த கடலை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்தக் கேபிளைப் போட்டவனையும் விடவில்லை.

மாலை ஐந்து தாண்டியதும் மாடி செக்‌ஷன் பெங்காலி அம்மா கைப்பையோடு இறங்கி வந்தார். "ஆப்கா ஹோ கயா?" என்றார், உங்களுக்கு முடிந்ததா என்று.

"நெட் எங்க மேடம்? கேபிள் கட்."

"ஊபர் தோ சுபஹ் சே சல் ரஹா ஹை."

மேலே காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறதாம். நான் படிகளில் பாய்ந்து ஏறினேன். அவருடைய மிஷினில் பக்கம் சட்டென்று திறந்தது. நேரம் முடிந்துவிட்டது என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

எங்கள் ஆபீஸ் மிஷின்கள் ஒவ்வொன்றுக்கும் கையால் போட்டுவைத்த நிலையான நம்பர் உண்டு, அது இருந்தால்தான் லைன் சேரும். அவன் தட்டிய வரி அதைச் சுத்தமாகத் துடைத்திருக்கிறது. மாடியில் இருந்தவர்கள்தான் விளக்கினார்கள். இறங்கி வந்தால், அவன் வாசலில் நின்றான். "நல்லதுக்குத்தான் அண்ணா செஞ்சேன்" என்றான். ஓங்கி ஓர் அறை விட்டிருப்பேன், அடக்கிக்கொண்டேன். அந்த வரியைத் தட்டிய அவன் கையை இன்றும் மன்னிக்க என்னால் முடியவில்லை.

இரவு மனைவி வீடியோவில் வந்தாள்.

"போட்டாச்சா?"

"இல்ல."

"கேபிள் கட்டா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். "இல்ல, கேபிள் நல்லாத்தான் இருந்துச்சு. எதிர் சீட்டுக்காரன் என் மிஷின்ல என்னமோ தட்டி, நம்பரெல்லாம் அழிஞ்சுபோச்சு."

"மத்தவங்க போட்டாங்களா?"

"மாடில இருக்கவங்க போட்டாங்க."

"மாடி வரைக்கும் ஏறிப் பாக்க முடியலயா உங்களால?"

எல்லாரும் கேபிள் கட் என்றார்கள் என்று நான் சொன்னது என் காதுக்கே பொய்யாகத்தான் கேட்டது.

"இங்க வர மனசில்லன்னா நேரா சொல்லிருங்க" என்றாள். "வருஷத்துக்கு ஒரு காரணம் வேண்டாம்."

அன்று பார்த்து லைன் ஒரு நொடிகூட அறுந்துபோகவில்லை. அவள் முகம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.