ஜெய்ப்பூரில் விடியாத ஐந்து மணி

அந்தமானில் பாராடாங் ஃபெர்ரியில் என்னோடு வேலை பார்க்கும் கணபதிக்கு ஐம்பத்து நான்கு வயது. இருபத்தாறு வருடமாக லாரியையும் பஸ்ஸையும் படகில் ஏற்றி, பத்து நிமிடத்தில் அக்கரையில் இறக்குகிறவர். மெயின்லேண்டுக்குப் போனதெல்லாம் கப்பலில்தான், மூன்று நாள் வாந்தியோடு. அப்படிப்பட்டவர் போன நவம்பரில் விமானம் ஏறினார். ஐயோ, அதற்கு முந்தின வாரம் முழுக்க எங்களை அவர் படுத்திய பாடு!

மகள் சித்ராவுக்கு ஜெய்ப்பூரில் சைக்கிள் போட்டி. அவளுடைய முதல் தேசியப் போட்டி. “ஸ்டார்ட்ல நீங்க நிக்கணும்ப்பா. ஒங்க மொகத்தப் பாத்துட்டுத்தான் மிதிப்பேன்” என்று போனில் சொல்லிவிட்டாள்.

“சென்னைக்கு ஆயிரத்து முந்நூத்தி எழுவது கிலோமீட்டர், ரெண்டே கால் மணி நேரம். அங்கேருந்து ஜெய்ப்பூர் ஆயிரத்து அறுநூறு, ரெண்டரை மணி. இந்தா இருக்குற போர்ட் பிளேர் நூறு கிலோமீட்டர், அதுக்கு நாலு மணியாம்!” என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் ஒப்பித்தார். வழியில் ஜார்வா பழங்குடிகள் வாழும் காட்டுக்குள் வண்டிகள் குறித்த நேரத்தில், போலீஸ் காவலோடு, கூட்டமாகத்தான் போக வேண்டும். மெதுவாகத்தான் ஆகும்.

ஒரு தடங்கலும் இல்லாமல் போய்ச் சேர்ந்தார். போட்டி காலை ஆறரைக்கு. தொடங்கும் இடம் லாட்ஜிலிருந்து பத்து நிமிட நடை. சித்ரா தன் அணியோடு வேறிடத்தில் தங்கியிருந்தாள். முந்தின ராத்திரி போனில் சொன்னாள்:

“அலாரம் வெச்சிக்கோங்கப்பா.”

“அரே, எனக்கா அலாரம்? வெளிச்சம் வந்தா எந்திரிச்சிருவேம்மா.”

அங்கேதான் மனுஷன் கோட்டை விட்டார். எங்கள் தீவில் நவம்பரில் ஐந்து மணிக்கே வெளுக்கத் தொடங்கிவிடும். நாங்கள் யாரும் மணி பார்த்து எழுந்ததில்லை. ஜெய்ப்பூரிலும் ஐந்து மணிக்குச் சரியாக விழிப்பு வந்திருக்கிறது. ஜன்னலைப் பார்த்தால் கும்மிருட்டு. இன்னும் நேரம் கிடக்கிறது என்று போர்வையை இழுத்துக்கொண்டார். கடிகாரம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான், ஆனால் சூரியன் அந்த ஊருக்கு ஒன்றேகால் மணி நேரம் பிந்தித்தான் போகிறது. இது யாருக்குத் தெரியும்? சத்தியமாக எனக்கும் தெரியாது.

வெளிச்சம் கண்டு எழுந்தபோது மணி ஆறு இருபத்தெட்டு. பனியன், லுங்கி, செருப்பில்லாத கால். தன்னையே திட்டிக்கொண்டு சாலையில் ஓடினார். பாதி தூரம்கூடப் போகவில்லை, விசில் ஊதிவிட்டார்கள். எதிரே அறுபது சைக்கிள்கள் ஒரே கூட்டமாகப் பறந்து வந்தன. எல்லாத் தலையிலும் ஹெல்மெட். எது தன் பிள்ளை என்றே தெரியவில்லை.

“சித்ரா! ஏ சித்ரா! அப்பா வந்துட்டேம்மா!”

கூட்டத்தின் நடுவே ஒரு கை ஹேண்டில்பாரை விட்டு உயர்ந்தது. அவரும் கூடவே பத்தடி ஓடினார். மொத்தம் நான்கு நொடி இருக்கும். போய்விட்டாள். சாலையோரம் நின்று ஓவென்று அழுததை வெட்கமே இல்லாமல் எங்களிடம் சொல்கிறார்.

சித்ரா ஆறாவதாக வந்தாள். எங்கள் பாராடாங் பெண், இந்தியாவிலேயே ஆறாவது! ஆனால் ஜீப்பில் பின்னாலேயே வந்த கோச்சுக்குக் கோபம் அடங்கவில்லை. கூட்டத்துக்கு நடுவில் கையை எடுத்தாயே, விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், யாருக்குக் கை காட்டினாய் என்று இந்தியில் கத்தினார்.

மூச்சு வாங்க அவள் சொன்னாள்: “வரலன்னு நெனச்சு அழுதுகிட்டே ஸ்டார்ட் பண்ணேன் சார். வந்துட்டாரு.”